ஜப்பானைப் பார்க்காமலே ஜப்பானைப் படித்த அம்மையார்

ஜப்பான் மறுபடியும் ஆயுதம் தூக்குமா?

கிழக்கு ஆசியாவில் பலரும் கேட்கும் கேள்வி இது. சீனாவில் கேட்கிறார்கள். கொரியாவில் கேட்கிறார்கள். ஜப்பானுக்குள்ளேயே கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 80 வருடங்களுக்கு முன்பே ஒரு அமெரிக்கப் பெண்மணி பதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தளபதி அல்ல. மந்திரியும் அல்ல. கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். வேடிக்கை என்னவென்றால், அவர் ஒரு நாள்கூட ஜப்பான் மண்ணை மிதித்தது இல்லை. ஜப்பானிய மொழியும் அவருக்குத் தெரியாது!

அவர் பெயர் ரூத் பெனடிக்ட்.

புரியாத எதிரி

1944-ம் ஆண்டு, ஜூன் மாதம். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம்.

ஐரோப்பாவில் ஜெர்மனி பின்வாங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் பசிபிக் கடலில் ஜப்பான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு தீவிலும் கடைசிச் சிப்பாய் சாகும்வரை சண்டை நடந்தது. சைப்பன் தீவில் அமெரிக்கப் படை இறங்கியபோது, சிப்பாய்கள் மட்டுமல்ல, சாதாரணக் குடும்பங்கள்கூடக் குழந்தைகளோடு மலை உச்சியிலிருந்து கடலில் குதித்தன.

வடக்கு பர்மாவில் நடந்த சண்டைக் கணக்கு ஒன்று உண்டு. செத்த ஜப்பானியர் 17,166 பேர். பிடிபட்டவர்களோ வெறும் 142 பேர்!

அமெரிக்கர்களுக்கு இது விளங்கவில்லை. தோற்றுவிட்டோம் என்று தெரிந்தால் கைகளைத் தூக்கிவிடுவது அவர்கள் அறிந்த போர் முறை. இவர்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள்? ஜப்பானுக்குள் புகுந்தால் ஒவ்வொரு வீட்டிலும் சண்டை போட வேண்டியிருக்குமா? சக்கரவர்த்தியின் அரண்மனை மேல் குண்டு போடலாமா, கூடாதா?

இதற்கெல்லாம் பதில் கண்டுபிடித்துச் சொல்லும்படி அமெரிக்க சர்க்காரின் போர்ச் செய்தி இலாகா ரூத் பெனடிக்ட் அம்மையாரைக் கேட்டுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 57.

செவி மந்தம், கண் கூர்மை

நியூயார்க் நகரில் பிறந்தவர் அவர். குழந்தையில் மணல்வாரி அம்மை வந்து செவி மந்தமாகிவிட்டது. பேசுகிறவரின் உதடு அசைவதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதனாலேயே மற்றவர்கள் கவனிக்காததை எல்லாம் கவனிப்பார் என்று சொல்லலாம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மனித இனங்களைப் பற்றிய ஆராய்ச்சி செய்து வந்தார். எந்த இனமும் பிறப்பால் உயர்ந்ததும் அல்ல, தாழ்ந்ததும் அல்ல என்பது அவருடைய கட்சி. 1943-ல் இதைச் சொல்லி இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். வடக்கே வாழ்ந்த சில கறுப்பர்கள் தெற்கே வாழ்ந்த சில வெள்ளையர்களைவிட அறிவுச் சோதனையில் அதிக மார்க் வாங்கியதை அதில் எடுத்துக் காட்டியிருந்தார். அமெரிக்க ராணுவம் அந்தப் புத்தகத்தைச் சிப்பாய்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது!

வழக்கமாக இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்காரர்கள் அந்தந்த ஊருக்கே போய்த் தங்குவார்கள். சண்டைக் காலத்தில் அமெரிக்கப் பெண் ஜப்பானுக்கு எப்படிப் போவது? வேறு வழி தேடினார்.

அமெரிக்காவில் குடியேறியிருந்த ஜப்பானியர்களைக் கண்டு பேசினார். அந்தச் சமயத்தில் அவர்கள் நிலைமை என்ன? 1942-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவினால் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த அமெரிக்கப் பிரஜைகள்! அம்மையாருக்கு மிகவும் உதவியாக இருந்த இளைஞர் ஒருவரே முகாமிலிருந்து வந்தவர்தான். ஒரு கையால் பூட்டி வைத்துவிட்டு, மறு கையால் "உங்கள் மனசு எப்படிப்பட்டது? சொல்லுங்கள்" என்று கேட்டது சர்க்கார்.

ஜப்பானியச் சினிமாப் படங்களையும் அம்மையார் போட்டுப் பார்த்தார். அதில் ஒரு விசித்திரம். ஜப்பானியரின் போர்ப் படங்களில் வெற்றி ஊர்வலமே இல்லை. சேற்றில் நடக்கும் சிப்பாய்கள், பசி, களைப்பு, சாவு, காலை இழந்து வீடு திரும்பும் மகன் ஆகியவைதான் இருந்தன. இதைப் பார்த்த அமெரிக்கர்கள், "போர் வேண்டாம் என்று சொல்லும் படம் போலிருக்கிறதே!" என்றார்கள்.

ஜப்பானியர்களோ அப்படிப் பார்க்கவில்லை. பட்ட கடனை ஒருவன் எப்படியெல்லாம் தீர்க்கிறான் என்று பார்த்தார்கள்.

கடன்! அம்மையாருக்குச் சாவி கிடைத்துவிட்டது.

செஞ்சோற்றுக் கடன்

ஜப்பானிய மொழியில் 'ஓன்' என்று ஒரு சொல் உண்டு. பிறரிடம் நாம் பெற்ற நன்மை, அதனால் நம் தலையில் ஏறிய சுமை, இரண்டுக்கும் சேர்த்து அதுதான் சொல். ஆங்கிலத்தில் இதற்குச் சரியான வார்த்தை இல்லாமல் அம்மையார் பக்கம் பக்கமாக விளக்கினார். தமிழ் வாசகருக்கு அவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை. செஞ்சோற்றுக் கடன் என்றால் போதும். பாண்டவர்கள் தன் தம்பிகள் என்று தெரிந்த பிறகும் துரியோதனன் பக்கமே நின்று உயிர் விட்டானே கர்ணன்! அவனை ஜப்பானுக்கு அழைத்துப் போனால் யாரும் அவனைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பெற்றோரிடம் பட்ட கடன், ஆசிரியரிடம் பட்ட கடன், எல்லாவற்றுக்கும் மேலே சக்கரவர்த்தியிடம் பட்ட கடன். சண்டைக்குப் புறப்படும் சிப்பாய் கையில் ஒரு சிகரெட் கொடுத்தாலும் அது சக்கரவர்த்தி கொடுத்தது. அதையும் தீர்க்க வேண்டும். எப்படித் தீர்ப்பது? உயிரைக் கொடுத்து!

இந்தக் கடன் உணர்ச்சியைச் சிறு பிள்ளைகளுக்கு ஊட்டப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு நாய்க் கதை வைத்திருந்தார்கள். அது உண்மைக் கதை. நாயின் பெயர் ஹாச்சி. டோக்கியோவில் ஒரு பேராசிரியர் வளர்த்த நாய். தினமும் மாலையில் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் எஜமானருக்காகக் காத்திருக்கும். 1925 மே மாதம் பேராசிரியர் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்துபோனார். நாய்க்குத் தெரியுமா? அதற்குப் பிறகும் 1935 மார்ச்சில் தான் சாகும்வரை அந்த ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். போர்க் காலத்தில் உலோகம் போதாமல் அந்தச் சிலையையும் உருக்கிவிட்டார்கள்! 1948-ல் புதுச் சிலை வைத்தார்கள்.

கடன் உயர்ந்தவரிடம் மட்டும் பட்டால் பரவாயில்லை. சமமானவனிடம் பட்டால்? அதற்கும் அம்மையார் ஒரு நாவலிலிருந்து உதாரணம் காட்டினார். நட்சுமே சோசேகி என்ற பெரிய எழுத்தாளர் 1906-ல் எழுதிய 'போச்சான்' நாவல் அது. கதாநாயகன் ஓர் இளம் வாத்தியார். சக வாத்தியார் ஒருவர் அவனுக்கு ஐஸ் போட்ட பானம் வாங்கிக் கொடுக்கிறார். விலை ஒன்றரை சென். நூறு சென் சேர்ந்தால் ஒரு யென். அற்பக் காசு. பிறகு அந்த வாத்தியார் தனக்கு எதிராக வேலை செய்கிறார் என்று யாரோ சொல்லக் கேட்டதும் கதாநாயகனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது: அந்த ஒன்றரை சென்னை அவர் முகத்தில் எறிந்துவிட வேண்டும்! எதிரியின் தண்ணீர் வயிற்றில் இருக்கலாமா?

ஜப்பானியர் நன்றி சொல்லும்போது 'சுமிமாசென்' என்பார்கள். மன்னிப்புக் கேட்கவும் அதே சொல்தான். "உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டேன், இந்தக் கடன் இன்னும் தீரவில்லை" என்பது உள்ளே இருக்கும் பொருள். நம் வீடுகளில் காபி குடித்துவிட்டுப் போகும் விருந்தாளி, "உங்களுக்குத்தான் சிரமம்" என்று சொல்லுவார் அல்லவா? அதேதான்.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

குழந்தை வளர்ப்பைப் பற்றியும் அம்மையார் நிறைய எழுதினார். ஜப்பானில் சிறு குழந்தை ராஜா. அது வைத்ததே சட்டம். தாத்தாவும் பாட்டியும்கூட அப்படித்தான், இஷ்டம்போல் இருக்கலாம். நடுவில் இருப்பவர்கள்தான் கட்டுப்பாட்டில் நசுங்குகிறார்கள். அமெரிக்காவில் இது நேர் தலைகீழ். அங்கே குழந்தைக்குக் கட்டுப்பாடு, நடு வயதில் முழுச் சுதந்திரம்.

ஆறு ஏழு வயது ஆனதும் ஜப்பானியக் குழந்தைக்குப் புதுப் பாடம் தொடங்குகிறது. "இப்படிச் செய்தால் ஊர் சிரிக்கும்" என்று வீட்டில் சொல்லுகிறார்கள். பாவம் என்ற பயத்தைவிட மானம் போகும் என்ற பயமே அங்கே பெரிது என்று அம்மையார் முடிவு கட்டினார். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்ற கேள்வியிலேயே வளர்ந்த நமக்கு இது புது விஷயம் அல்ல. அமெரிக்கர்களுக்குப் புதிதாக இருந்தது.

கைதிகள் சொன்ன ரகசியம்

உயிரோடு பிடிபட்ட சில ஜப்பானியச் சிப்பாய்கள் செய்த காரியம் அம்மையாரை யோசிக்க வைத்தது.

பிடிபட்டவுடன் அவர்களில் சிலர், "எங்களைக் கொன்றுவிடுங்கள்" என்றார்கள். "அது உங்கள் வழக்கம் இல்லை என்றால், நல்ல கைதியாக நடந்துகொள்கிறோம்" என்றார்கள். அப்படியே நடந்தார்கள்! தங்கள் படையின் வெடிமருந்துக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தார்கள். அமெரிக்க விமானத்தில் ஏறிவந்து வழி காட்டியவர்களும் உண்டு.

துரோகமா? அம்மையார் அப்படி நினைக்கவில்லை. பிடிபட்டதுமே அவர்களைப் பொறுத்தவரை பழைய வாழ்வு முடிந்துவிட்டது. ஒரு வழி மூடினால், மறு வழியில் முழு மனதோடு நடப்பது அவர்கள் குணம் என்று கண்டார்.

இன்னொன்றும் கண்டார். அந்தக் கைதிகள் தளபதிகளைத் திட்டினார்கள். மந்திரிகளைத் திட்டினார்கள். சக்கரவர்த்தியை மட்டும் திட்டவில்லை. போர் வேண்டும் என்றவன், "சக்கரவர்த்தி சொன்னார், சண்டை போட்டேன்" என்றான். போர் வேண்டாம் என்றவன், "சக்கரவர்த்தி சமாதானப் பிரியர், அவரை ஏமாற்றிவிட்டார்கள்" என்றான்.

அப்படியானால், 'சண்டையை நிறுத்துங்கள்' என்று அந்த ஒரே மனிதர் சொன்னால்?

1945 ஜூன் மாதம் அமெரிக்காவில் மக்கள் கருத்தைக் கேட்டபோது மூன்றில் ஒருவர் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவைக் கொன்றுவிட வேண்டும் என்றார். அந்த ஆத்திரத்துக்கு நடுவில், "சக்கரவர்த்தியைத் தொடாதீர்கள்" என்று சொன்ன சிலரில் பெனடிக்ட் அம்மையாரும் ஒருவர்.

மத்தியான ரேடியோ

ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ம் தேதி நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. 15-ம் தேதி மத்தியானம் 12 மணிக்கு ஜப்பானியர் ரேடியோ முன்னால் கூடினார்கள். சக்கரவர்த்தி பேசினார். அவர் குரலை மக்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

முந்தின இரவு நடந்தது சினிமாவை மிஞ்சும். சரணடையச் சம்மதிக்காத இளம் அதிகாரிகள் சிலர் அரண்மனைக்குள் புகுந்து, பேச்சைப் பதிவு செய்திருந்த இசைத்தட்டுகளைத் தேடினார்கள். இரவு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. பொழுது விடிந்தது. பேச்சு ஒலிபரப்பானது. சரணாகதி என்ற வார்த்தையே அதில் இல்லை. அரண்மனைத் தமிழ் என்று நாம் கேலி செய்வதுபோல, அரண்மனை ஜப்பானிய மொழி. பாதிப் பேருக்குப் புரியவுமில்லை. ஆனாலும் சண்டை நின்றது.

ஆகஸ்ட் 30-ம் தேதி தளபதி மெக்கார்தர் வந்து இறங்கியபோது ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு மூங்கில் ஈட்டியோடு சண்டைப் பயிற்சி செய்த மக்கள், அமெரிக்கச் சிப்பாய்களுக்குத் தலை வணங்கினார்கள். புது வழி திறந்துவிட்டது. அதில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சக்கரவர்த்தியைத் தூக்கிலிடவில்லை. வழக்கும் போடவில்லை. 1946 ஜனவரி முதல் தேதி, தான் தெய்வம் அல்ல என்று அவரே அறிவித்தார். 1989 வரை சக்கரவர்த்தியாகவே வாழ்ந்து இறந்தார். இது அம்மையார் சொன்னதால்தான் நடந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. மெக்கார்தருக்கு அமைதியாக ஆட்சி நடத்த ஒரு சக்கரவர்த்தி தேவைப்பட்டார். ஜப்பானில் தூதராக இருந்த ஜோசப் குரூவும் அதையே சொன்னார். இதில் அமெரிக்காவுக்கு லாபம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போருக்குச் சக்கரவர்த்தியின் பொறுப்பு எவ்வளவு என்ற வழக்கு விசாரணைக்கே வராமல் போயிற்று.

எங்கே தவறினார்?

1946-ல் அம்மையார் தன் ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போட்டார். பெயர் 'சாமந்திப் பூவும் வாளும்'. சாமந்தி, சக்கரவர்த்தி குடும்பத்தின் சின்னம். வாள், வீரனின் சின்னம். பூவை ஆசையோடு வளர்க்கும் அதே கை எப்படி வாளையும் எடுக்கிறது என்பதுதான் கேள்வி.

ஜப்பானிய மொழியில் அந்தப் புத்தகம் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. தோற்ற நாட்டு மக்கள், ஜெயித்த நாட்டுக்காரி தங்களைப் பற்றி என்ன எழுதினாள் என்று ஆவலோடு வாங்கிப் படித்தார்கள்.

எல்லாரும் பாராட்டவில்லை. தத்துவ அறிஞர் வாட்சுஜி டெட்சுரோ கடுமையாகக் கண்டித்தார். ராணுவக்காரர்கள் சில காலம் பேசிய பேச்சை, ஜப்பானியர் எல்லாருடைய குணம் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மையார் பேசிய ஜப்பானியர் பலர் ஊரை விட்டு வெகு காலத்துக்கு முன்பே வந்தவர்கள். விவசாயிக்கு ஒரு மனசு, மில் தொழிலாளிக்கு ஒரு மனசு, போரை எதிர்த்துச் சிறைக்குப் போனவனுக்கு ஒரு மனசு என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. ஒரு நாட்டுக்கே ஒரே மனசு என்று எழுதினார்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடன் பட்டவருக்கு நன்றியோடு இருப்பது சரி. கடனே படாத அந்நியனுக்கு? சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942-43-ல் ஜப்பானிய ராணுவம் போட்டது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை அதற்குக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடி உதையிலும் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மடிந்தார்கள். சீனாவிலும் கொரியாவிலும் பட்டவர்கள் இன்னும் அதிகம். செஞ்சோற்றுக் கடனைப் பற்றி இவ்வளவு எழுதிய புத்தகத்தில் அந்த மக்களின் குரல் கேட்கவில்லை.

அந்த அண்டை நாட்டார் மறக்கவும் இல்லை. டோக்கியோவில் யசுகுனி என்ற கோயில் இருக்கிறது. போரில் இறந்தவர்களுக்கான கோயில். தூக்கிலிடப்பட்ட டோஜோ உள்பட 14 பெரிய போர்க் குற்றவாளிகளையும் 1978-ல் அங்கே சேர்த்து வைத்தார்கள். பிரதமர்கள் அங்கே கும்பிடப் போகும்போதெல்லாம் சீனாவும் கொரியாவும் கொதிக்கின்றன. (குற்றவாளிகள் அனைவரும் சட்டப்படி நிரபராதிகள் என்று தீர்ப்பு எழுதிய நம் நாட்டு நீதிபதி ராதாவினோத் பாலுக்கும் அந்தக் கோயிலில் நினைவுக் கல் இருக்கிறது. கொடுமைகள் நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) 2005-ல் ஜப்பானுக்கு எதிராகச் சீன நகரங்களில் பெரிய ஊர்வலங்கள் நடந்தன. அந்தச் சமயத்தில் சீனாவின் புத்தகக் கடைகளில் வேகமாக விற்ற புத்தகங்களில் ஒன்று எது தெரியுமா? 'சாமந்திப் பூவும் வாளும்'!

உலகம் பாசறை ஆனால்?

புத்தகத்தின் முடிவில் அம்மையார் ஒரு ஜோசியம் சொன்னார். ஜப்பான் தேடுவது உலகத்தின் மதிப்பை. வாளால் தேடிப் பார்த்தது, தோற்றது. இனி சமாதானத்தால் தேடும். ஆனால் அது உலகத்தைப் பொறுத்தது. உலகம் சமாதானமாக இருந்தால் ஜப்பானும் அப்படி இருக்கும். உலகம் முழுவதும் பாசறையாக மாறினால், அந்தப் பாசறையில் ஜப்பானும் தனக்கு ஓர் இடம் தேடிக்கொள்ளும்.

முதல் பாதி பலித்தது. 1947-ல் அமலுக்கு வந்த புது அரசியல் சட்டத்தின் 9-வது பிரிவு, போரையே கைவிடுவதாகச் சொல்லிற்று. 1954-ல் தற்காப்புப் படை என்ற பெயரில் படை திரட்டினார்கள். ஆனால் கவனம் எல்லாம் தொழிலில் இருந்தது. ரேடியோ, காமிரா, மோட்டார் கார் என்று ஜப்பான் சாமான் உலகம் முழுவதும் போயிற்று. 1964-ல் ஒலிம்பிக் பந்தயமும் நடத்தி, அதிவேக ரயிலும் விட்டார்கள். 1976-ல் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் ராணுவத்துக்குச் செலவிடுவதில்லை என்று சர்க்காரே கோடு போட்டது.

பிறகு காற்று மாறியது. 1998-ல் வட கொரியாவின் ராக்கெட் ஜப்பான் தலைக்கு மேலே பறந்துபோயிற்று. 2010-ல் பொருளாதாரத்தில் சீனா ஜப்பானை முந்தியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. அதே வருடம் டிசம்பரில் ஜப்பான் சர்க்கார் அந்தப் பழைய கோட்டை நூற்றுக்கு இரண்டு என்று உயர்த்தத் தீர்மானித்தது. 2025 அக்டோபரில் சானே தகைச்சி அம்மையார் அந்நாட்டின் முதல் பெண் பிரதமர் ஆனார். நவம்பரில் பார்லிமெண்டில் தைவானைப் பற்றி அவர் சொன்ன பதில் சீனாவுக்குக் கோபமூட்டியது. ஜப்பானுக்குப் பயணம் போக வேண்டாம் என்று சீனா தன் மக்களுக்குச் சொல்லிற்று.

ஜோசியத்தின் இரண்டாம் பாதியும் பலிக்கிறதா? அவசரப்பட வேண்டாம். 2024-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு ஒரு ஜப்பானியச் சங்கத்துக்குத்தான் கிடைத்தது. அணுகுண்டில் தப்பிப் பிழைத்தவர்கள் 1956-ல் தொடங்கிய சங்கம் அது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், தங்கள் உடம்பில் பட்டதைச் சொல்லிச் சொல்லியே வயதானவர்கள் அவர்கள். அம்மையார் கண்ட 'ஒரே மனசு' இங்கே இல்லை. இரண்டு மனசு இருக்கிறது. இரண்டும் பார்லிமெண்டிலும் தெருவிலும் மோதிக்கொள்கின்றன.

ரூத் பெனடிக்ட் 1948 செப்டம்பர் 17-ம் தேதி காலமானார். ஜப்பானிய மொழிபெயர்ப்பு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. ஜப்பானையும் பார்க்கவில்லை.

அந்த 9-வது பிரிவில் இதுவரை ஓர் எழுத்தும் மாறவில்லை. அதை மாற்ற வேண்டுமானால் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதன் பிறகு மக்களிடம் போய், ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சரி என்று சொல்ல வேண்டும். அப்படி ஓர் ஓட்டெடுப்பு ஜப்பானில் ஒரு தடவைகூட நடந்தது இல்லை.